தோல்முட்டைக்கு யார் காரணம்

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் என் போனுக்கு முட்டைப் படம் வருவது நிற்கவில்லை. மற்றவர்களுக்குக் காலையில் பூப் படத்தோடு வணக்கம் வரும். எனக்கு ஓடு சுருங்கிய முட்டை, உள்ளே ரத்தப் பொட்டு விழுந்த முட்டை, மஞ்சள்கரு வெளுத்த முட்டை. அனுப்புகிறவர்கள் இப்போது வேலையில் இருக்கும் இளம் கால்நடை ஆய்வாளர்கள். "மேடம், இன்னா மேடம் இது, பாத்து சொல்லுங்க" என்று கீழே ஒரு வரி இருக்கும். நானும் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்ப்பேன். படத்தைப் பார்த்து எதைச் சொல்வது? கோழி எங்கே படுக்கிறது, எதைக் குடிக்கிறது, அந்த வீட்டில் யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள் என்பதெல்லாம் படத்தில் வருமா? போன வாரம் கும்மிடிப்பூண்டியிலிருந்து பேசிய பெண்ணிடம் இதைச் சொல்லிப் பொரிந்து தள்ளினேன். "அப்போ அத்த எழுதிக் குடுங்க மேடம், நாங்க படிச்சுக்கினு போறோம்" என்றாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எழுதுகிறேன்.

நான் கால்நடை ஆய்வாளராக இருந்தவள். டாக்டர் இல்லை. ஊரில் யாரும் அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை, கையில் ஊசி இருந்தால் டாக்டரம்மாதான். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. மாட்டின் வயிற்றுக்குள் கைவிடக் கற்றுக்கொண்டேன், வீட்டுக்கு வந்து சோறு பிடிக்காமல் படுத்தேன், கொஞ்ச நாளில் சோறு பிடித்துவிட்டது. கோழிப் பாடம் நடத்தியதெல்லாம் பெரிய பண்ணைக் கோழியை வைத்துத்தான். கொல்லையில் ஐந்தாறு கோழி வைத்திருக்கும் வீட்டைப் பற்றி எந்த வாத்தியாரும் வாயைத் திறக்கவில்லை. வேலைக்கு வந்த பிறகு பார்த்தால் என் பாதி நாள் அந்தக் கொல்லைகளில்தான் போயிற்று. கழனி வேலைக்குப் போன குடும்பங்கள் கம்பெனி வேலைக்குப் போக ஆரம்பித்ததும் மாட்டை விற்றார்கள், ஆட்டைக் குறைத்தார்கள். கோழியை மட்டும் விடவில்லை. ஷிப்டுக்குப் போகிற வீட்டில் கோழி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று ஒரு நினைப்பு.

பார்த்துக்கொள்ளும், நாம் சும்மா இருந்தால். தேர்வாய் கண்டிகையில் ஏழுமலை என்று ஒருவர் இருந்தார். கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர். மீந்த சோற்றை வாளியில் கொண்டுவந்து கோழிக்குக் கொட்டுவார். "நான் துன்றதவிட நல்ல சோறு துன்னுது மேடம். ஒரு முட்டை வெக்க மாட்டேங்குது. நன்றி கெட்ட ஜென்மம்" என்று கோழியை என் எதிரிலேயே திட்டினார். தூக்கிப் பார்த்தேன், கை இறங்கிப் போயிற்று. அடிவயிறு முழுக்கக் கொழுப்பு. வெறும் சோறும் எண்ணெயும் தின்று பெருத்த கோழி எங்கே முட்டை வைக்கும்? "சோத்த நிறுத்திட்டு வெளிய விடுங்க, புழு பூச்சி பொறுக்கட்டும்" என்றேன். அவர் என் இடுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமாமா, சோறுதான் எல்லாத்துக்கும் காரணம்" என்றார். கோபம் வந்தது, அதைவிட சிரிப்பு வந்தது. கோழி இளைத்து முட்டைக்கு வந்தது. நான் இளைக்கவில்லை.

கூப்பிட்டுப் போன இடங்களில் பாதிக்கு மேல் நோயே இருக்காது. கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கும், அல்லது இறகு கொட்டிக்கொண்டிருக்கும், அல்லது பக்கத்து வீட்டு மாடிப்படிக்குக் கீழே போய் முட்டையை வைத்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் திரும்பி வரும். பழவேற்காட்டில் துணிக்கடை பாய் வீட்டம்மா, முட்டை நாறுகிறதென்று ஆம்லெட்டை என் மூக்கருகே நீட்டினார். தினமும் இறால் தலையைக் கொட்டினால் முட்டையில் மல்லிகைப்பூ வாசமா வரும்?

இதையெல்லாம் முறையாகப் பார்க்கும்படி என்னைப் பழக்கியவர் எங்கள் மருந்தகத்துக்கு மாற்றலாகி வந்த டாக்டர் செந்தில். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட வயதில் சின்னவர். வந்த முதல் நாளே, "ஏனுங்க மேடம், தடுப்பூசி வெக்கிற ஐஸ் பொட்டியில ஐஸ் இருக்குங்களா, தண்ணி இருக்குங்களா?" என்று கேட்டார். தண்ணீர்தான் இருந்தது. அந்த 'ங்க'வில் எவ்வளவு மரியாதை இருந்தாலும் குட்டு குட்டுதான்.

எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் நேராகக் கோழியிடம் போக மாட்டார். கொல்லை நடுவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். வீட்டுக்காரம்மா பக்கத்தில் நின்று கோழியின் கதையைச் சொல்லிக்கொண்டே இருப்பார், இவர் காதில் விழாததுபோல எச்சத்தைக் குனிந்து பார்ப்பார், இறுகலா தண்ணீரா என்று. கூண்டுக்குள் தலையை நுழைத்து முகர்வார். கடைசியாகக் கோழிக்கு ஊற்றும் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைப்பார். எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். "கோழிக்கு வாய் இருந்தும் சொல்லாதுங்க மேடம், நாமதான் ருசி பாக்கோணும்" என்பார். இவர் வீட்டில் இதெல்லாம் தெரியுமா, தெரிந்தால் உள்ளே விடுவார்களா என்று நினைத்துக்கொள்வேன்.

முட்டை நின்றுவிட்டது என்று யார் சொன்னாலும் அவர் நம்ப மாட்டார். "அவங்க சொல்றத அப்படியே எழுதிப்போடாதீங்க. இடுதா இல்லீங்களான்னு கோழியவே கேட்டுப்போடுங்க." கேட்பது இப்படி. கோழியின் தலை நம் முதுகுப் பக்கம் போகும்படி இடது கக்கத்தில் அணைத்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் படபடத்துவிட்டு அடங்கும். வலது கை விரல்களை எச்சத்துவாரத்துக்குக் கீழே வைத்தால் இருபக்கமும் கூராக இரண்டு எலும்பு தட்டுப்படும். நடுவில் ஒரு விரல்தான் நுழைகிறது, துவாரம் சுருங்கி வறண்டு மஞ்சளித்திருக்கிறது என்றால் கோழி முட்டையை நிறுத்திவிட்டது. இரண்டு மூன்று விரல் தாராளமாகப் போகிறது, துவாரம் அகன்று ஈரமாக வெளுத்திருக்கிறது என்றால் அது முட்டையிடும் கோழி, வீட்டுக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் சரி. நான் பார்த்து முடித்த கோழியை டாக்டர் வாங்கி மறுபடி பார்ப்பார். நான் சொன்னது சரியாக இருந்தால் "சரீங்க" என்பார். அவர் வாயிலிருந்து வருகிற ஒரே பாராட்டு அதுதான்.

இனிச் சொல்வது மீஞ்சூரில் நடந்தது. மனசைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டாம் என்பதற்காக முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் வருகிற கர்ப்பிணிக்குக் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறது. போன பொங்கலுக்கு என் மூக்குக்கண்ணாடியை உடைத்தது அதுதான்.

கன்னியம்மா என்று ஒருவர் மருந்தகத்துக்கு வந்தார். ஒரு காலத்தில் நாற்று நட்டவர், பிறகு ஒரு கம்பெனியில் தரை துடைத்தவர், அப்போது வீட்டோடு இருந்தார். மகன் தினேஷுக்குக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. மருமகள் நந்தினி மணவாள நகர்ப் பெண். நந்தினிக்கு முதலில் உண்டான கர்ப்பம் தங்கவில்லை. இப்போது மறுபடியும் முழுகாமல் இருந்தாள்.

"கோழி முட்டைய நிறுத்திடுச்சு டாக்டரம்மா. மருந்து குடுங்க, நானே போட்டுக்கிறேன். நீங்க ஊட்டுக்கெல்லாம் வர வேணாம்" என்றார்.

எனக்கு அதுவே விசித்திரமாக இருந்தது. மற்றவர்கள் ஒரு கோழி தும்மினாலும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். அன்று கூட்டம் அதிகம், குடற்புழு மருந்து கொடுத்து அனுப்பினேன். திரும்பி வந்தார், பலன் இல்லை என்றார். சுண்ணாம்புச் சத்துக்குக் கிளிஞ்சல் தூள் கொடுத்துத் தீனியில் கலக்கச் சொன்னேன். அதற்கும் பலன் இல்லை. அடுத்த முறை வந்தபோது ஆளே வாடிப் போயிருந்தார்.

"எல்லாத்தையும் அறுத்துட்றேன் டாக்டரம்மா. பேஜாரா கீது. மருமவளயும் அவுங்க அம்மா ஊட்டுக்கு அனுப்பிட்றேன்."

"கோழிக்கும் மருமகளுக்கும் இன்னாம்மா சம்பந்தம்?"

கண்ணில் தண்ணீர் நின்றது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். டாக்டர் அன்று வேறு ஊரில் முகாமில் இருந்தார். போன் போட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "கோழியக் கேட்டீங்களா?" என்றார். இல்லை. "அப்புறம் எனக்கு எதுக்குங்க போன்?" வைத்துவிட்டார். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக் கொல்லைப்படியில் நந்தினி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துணி திணித்த பை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரி இப்படியா இருப்பாள் என்று கேட்டேன். "சாப்பாடே எறங்கல மேடம். டாக்டர் எல்லாம் நல்லாத்தான் கீதுங்கறாங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். கன்னியம்மாவுக்கு நான் வந்ததே பிடிக்கவில்லை. "அதான் அறுக்கப் போறேன்னு சொன்னேனே" என்றார். நான் காதில் வாங்காமல் முதல் கோழியைப் பிடித்துக் கக்கத்தில் வைத்தேன்.

மூன்று விரல் நுழைந்தது. அடுத்த கோழிக்கும் மூன்று விரல். துவாரம் அகலமாக, ஈரமாக. அடுத்ததும் அப்படியே. ஒன்றுகூட முட்டையை நிறுத்தியிருக்கவில்லை.

"எல்லாமே முட்டை போட்டுக்கினுதான் கீது. போட்ட முட்டையெல்லாம் எங்கம்மா போவுது?" என்றேன்.

மாமியார் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்த்தார். மருமகள் சாக்கடைப் பக்கம் பார்த்தாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பிறகு கன்னியம்மா என் கையைப் பிடித்துத் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"தோல்முட்டை டாக்டரம்மா. ஓடே இல்ல, கையில எடுத்தா கொழகொழன்னு கீது. இவ முழுகாம ஆன மாசத்துலேர்ந்து இப்படித்தான். பக்கத்து ஊட்டுக்காரி சொல்றா, வயித்துப் புள்ளக்காரி கீற ஊட்ல தோல்முட்டை வந்தா உள்ள கீறது நிக்காதாம். மொத தபா போனப்ப அவ பக்கத்துல இருந்தவ நான். இத்த அவ கண்ணுல காட்டக் கூடாதுன்னு விடியறதுக்குள்ள எயுந்து, கூண்டுக்கு அடியில கீறத எல்லாம் எடுத்துப் பொதச்சிட்டு வர்றேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் ஒரு குரல். நந்தினி வந்து நின்றிருந்தாள்.

"அத்தே, நானும்தான்."

"இன்னாடி நீயும்தான்?"

"நீங்க மத்தியானம் படுக்கச்ச கூடையில கீறத நான் எடுத்து சாக்கடையில போட்ருவேன். பக்கத்து ஊட்டுக்காரங்க என்கிட்டயும் சொன்னாங்க. நீங்க பாத்தா பயந்துடுவீங்கன்னு."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "ஏம்மா, ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஒளிச்சு வெச்சா நான் இன்னான்னு மருந்து குடுக்கிறது? முட்டை வரலன்னு சொன்னீங்க, நான் வராததுக்குக் குடுத்துக்கினு இருந்தேன்!" என்று கத்தினேன். கத்தி முடித்த பிறகு பயம் வந்தது. ஊசி போடுகிறவள், நாலு எழுத்துப் படித்தவள், ஆனாலும் ஒரு நிமிடம் அந்தப் பேச்சு எனக்கும் உண்மைபோல் தோன்றியது. அந்தப் பெண்ணின் முகம் அப்படி இருந்தது. அம்மா வீட்டுக்குப் போய்விட்டால் மட்டும் இந்த நினைப்பு இவளை விடுமா? காரணம் தெரியாமல் நான் அந்தக் கொல்லையை விட்டுப் போகக் கூடாது என்று தோன்றியது.

சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரியின் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவளிடம் ஒரு முட்டை கேட்டேன், ஓடு கல்லு மாதிரி இருந்தது. இரண்டு வீட்டுக் கோழியும் ஒரே தெருவில் பொறுக்குகின்றன, ஒரே வெயில், ஒரே காற்று. ஒரு கோழிக்கும் இருமல் இல்லை, மூக்கு ஒழுகல் இல்லை. நோயாக இருந்தால் சுவர் தாண்டியிருக்கும். இந்தப் பக்கம் திரும்பி எச்சத்தைப் பார்த்தேன். எல்லாம் தண்ணீர். கோழிகளோ நீல நிற பிளாஸ்டிக் டப்பைச் சுற்றியே நின்றன. குடிக்கும், நாலு அடி போகும், திரும்பி வந்து மறுபடி குடிக்கும். டப்பின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிந்து காய்ந்திருந்தது. பக்கத்தில் அதே தண்ணீர் ஒரு பக்கெட் நிறைய இருந்தது.

வேறு வழியில்லை. பக்கெட்டில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன். சீ! உப்பு என்றால் அப்படி ஓர் உப்பு, அடியில் கசப்பு வேறு. துப்பிவிட்டு நிமிர்ந்தேன். மீஞ்சூரில் போர் தண்ணீர் உப்பு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இது அதையும் தாண்டியிருந்தது.

"இது எந்தத் தண்ணிம்மா?"

கன்னியம்மா சமையலறை ஜன்னலைக் காட்டினார். அங்கிருந்து ஒரு மெல்லிய டியூப் இறங்கி வந்து பக்கெட்டுக்குள் முடிந்திருந்தது. "ஆர்.ஓ. மிஷின் தண்ணி டாக்டரம்மா. இவ முழுகாம கீறான்னு தெரிஞ்சதும் இவ நைனா வாங்கிக்கினு வந்து மாட்டினாரு. இந்தத் தபாவாவது என் பொண்ணு நல்ல தண்ணி குடிக்கட்டும்னு. நல்லது உள்ள குழாயில வரும், வேஸ்ட்டு இப்படி வெளிய வரும். பக்கெட் பக்கெட்டா போவுது, உட மனசு வருமா? பாத்திரம் கழுவறேன், தரை தொடைக்கிறேன், மிச்சத்த கோழிக்கு ஊத்துறேன். ஒரு சொட்டு வீணாக்கறதில்ல."

"அதுக்கு முன்னாடி கோழிக்கு இன்னா தண்ணி?"

"தெருக் குழாத் தண்ணிதான். மிஷின் வந்தப்புறம் குடம் தூக்கினு போற வேலையே இல்லியே."

எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. மிஷின் போர் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்து மருமகளுக்கு நல்ல தண்ணீரைக் கொடுத்தது. பிரித்த உப்பெல்லாம் டியூப் வழியாகக் கோழிக்குப் போயிற்று. அவ்வளவு உப்பைக் குடித்த கோழி முட்டை போடும், ஆனால் அதன் மேல் ஓடு கட்டாது. கிளிஞ்சலை மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் கட்டாது. நந்தினி உண்டான மாதமும் முட்டை கெட்ட மாதமும் ஒன்றாக இருந்ததில் ஆச்சரியமே இல்லை. அவள் உண்டானதால்தானே மிஷின் வந்தது.

காரணம் கிடைத்துவிட்டது, சொல்வதுதான் சங்கடமாக இருந்தது. என் சர்வீஸில் எத்தனையோ கொல்லையில் நின்று, "நீங்க செஞ்சதுதான் காரணம்" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கோழி செத்தாலும் பரவாயில்லை, தன் கை தவறு என்று கேட்க யாருக்கும் மனசு வராது. அதிலும் இவர் மாமியார், எதிரில் மருமகள். மிஷின்மேல் பழியைப் போட்டுவிட்டு நழுவலாமா என்று யோசித்தேன். போட்டால் அது நந்தினியின் அப்பாமேல் போய் விழும். வேண்டாம், நேராகவே சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தேன்.

"கன்னியம்மா, கோழிக்கு ஒரு நோயும் இல்ல. நீங்க ஊத்துற தண்ணிதான் காரணம். அத்தனையும் உப்பு. அதான் ஓடு கட்டல."

"நானா?"

"நீங்கதாம்மா."

"என் கையாலயா?"

"ஆமாம்மா. இனிமே தெருக் குழாத் தண்ணி ஊத்துங்க. கிளிஞ்சல் தூள நிறுத்தாதீங்க. உடனே சரியாவாது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஓடு கெட்டியாவும். கெழட்டுக் கோழிக்கு முழுசா சரியாவாமக்கூடப் போவலாம்."

கோழியைப் பற்றி நான் சொன்னது எதையும் அவர் கேட்டதாகத் தெரியவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ வேற ஒண்ணும் இல்லியே டாக்டரம்மா? இவ வயித்துக்கும் இந்த முட்டைக்கும்..."

"ஒரு சம்பந்தமும் இல்ல. முழுக்க முழுக்க நீங்க ஊத்துன உப்புத் தண்ணி."

கன்னியம்மா தொப்பென்று தரையில் உட்கார்ந்தார். தலையில் அடித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். "ஐயோ, நான்தான்டி! நந்தினி, நான்தான்டி! கெட்டது எதுவும் இல்லடி, எல்லாம் என் கைதான்!" எழுந்து டப்பைக் காலால் எட்டி உதைத்தார், தண்ணீர் கொல்லை முழுக்க ஓடியது. அதோடு விடாமல் சுவர்ப்பக்கம் போய்ப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டார். "ஏய், இங்க வா! கேட்டுக்கோ! உப்புத் தண்ணி ஊத்தினது நான்! தப்பு என் மேல! இன்னொரு தபா என் மருமவகிட்ட எதனா பேசினே, தெரியும் சேதி!"

தன் தவறு என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பக்கெட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, கை கழுவத் தண்ணீர் கேட்க நந்தினியின் பக்கம் திரும்பினேன்.

அவள் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அழுதுமுடிய நான் காத்திருந்தேன். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அத்தே, பசிக்குது."

"இரு, இரு, சூடா தோசை ஊத்துறேன்" என்று கன்னியம்மா உள்ளே ஓடினார். அவர் அடுப்பைப் பற்றவைப்பதற்குள் நந்தினி சோற்றுப் பானையைத் திறந்து, நின்றபடியே அள்ளித் தின்ன ஆரம்பித்துவிட்டாள்.